குறிப்பிடத் தக்கவர் யார்?

சில இங்கிலீஷ் வார்த்தைகள் நம் வீடுகளுக்கு விருந்தாளிகளாக வந்து, பிறகு வீட்டு மனிதர்களாகவே தங்கிவிட்டன. ‘ரிமார்க்கபிள்’ அவற்றுள் ஒன்று. அடுத்த வீட்டுப் பையன் பரீட்சையில் முதலாவதாகத் தேறினால் ‘ரிமார்க்கபிள் பாய்’ என்கிறோம். கச்சேரியில் வித்வான் ஒரு பிருகாவை உதிர்த்தால் முன் வரிசையிலிருந்து ‘ரிமார்க்கபிள்!’ என்று ஒரு குரல் எழும்புகிறது. இதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் ‘குறிப்பிடத்தக்க’ என்கிறோம். பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்தத் தமிழ்ச் சொல்லும் நல்ல பரிச்சயந்தான். ‘அமைச்சர் இதே ஊருக்கு இதற்கு முன்பு இரண்டு தடவை வந்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது’ என்று செய்தியை முடிப்பார்கள். அதில் குறிப்பிடத் தக்கதாக என்ன இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தாலும் புலப்படாது. குறிப்பிட்டாகிவிட்டது, ஆகையால் அது குறிப்பிடத் தக்கதும் ஆகிவிட்டது!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தச் சிறிய குழப்பத்துக்குள் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது. நாம் மனிதர்களை எடை போடுவதும் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கிறது. கண்ணில் பட்டவன் தகுதி உள்ளவன். கண்ணில் படாதவன் தகுதி இல்லாதவன். இப்படி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் நம் நடத்தை அப்படித்தான் சொல்லுகிறது.

முதலில் அந்த இங்கிலீஷ் சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். ‘மார்க்’ என்றால் குறி, அடையாளம். அதைக் கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் செய்த சொல், 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது. புதிதாக வந்த அந்தச் சொல்லை ஷேக்ஸ்பியர் ‘அந்தோணியும் கிளியோபாத்ராவும்’ நாடகத்தில் ஓர் உயர்ந்த இடத்தில் உட்கார வைத்தார். அந்தோணி இறந்து கிடக்கிறான். இனி இந்த உலகத்தில் நின்று பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று கிளியோபாத்ரா புலம்புகிறாள். அந்தப் புலம்பலில் இந்தச் சொல் வருகிறது. ஒரு மகாவீரனுடைய மரணத்துக்கு ஈடாக நின்ற சொல் இன்றைக்குச் சோப்புக்கும் பற்பசைக்கும் விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறது. மனிதர்களைப் போலச் சொற்களும் காலப்போக்கில் நொடித்துப் போவது உண்டு.

அந்தச் சொல்லின் வால் பகுதியைக் கவனியுங்கள். ‘ஏபிள்’ என்று முடிகிறது. இந்த வாலை இங்கிலீஷ்காரர்கள் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். ‘பிரேக்கபிள்’ என்றால் உடையக்கூடியது. ‘ரெஸ்பெக்டபிள்’ என்றால் மதிக்கத் தக்கவர். முதலாவது ஒரு பொருளின் இயல்பைச் சொல்கிறது. கண்ணாடி உடையும், அவ்வளவுதான், அதில் நியாயம் அநியாயம் ஒன்றும் இல்லை. இரண்டாவது ஒரு தீர்ப்பைச் சொல்கிறது. இவரை மதிக்க வேண்டும், மதிக்காவிட்டால் பிசகு நம்முடையது. தமிழில் ‘கூடிய’ என்றும் ‘தக்க’ என்றும் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. இங்கிலீஷில் ஒரே வால் இரண்டு மாட்டுக்கும் ஒட்டியிருக்கிறது.

இதில் வந்த குழப்பத்துக்குப் பெரிய தத்துவ ஞானி ஒருவரே ஆளானார் என்று சொல்வார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் ‘யூட்டிலிட்டேரியனிசம்’ என்ற கட்டுரைத் தொடரை ஒரு மாதப் பத்திரிகையில் எழுதினார். அதில் ஒரு வாதம் வருகிறது. ஒரு பொருள் ‘விசிபிள்’, அதாவது காணக்கூடியது என்பதற்கு என்ன சாட்சி? ஜனங்கள் அதைக் காண்கிறார்கள் என்பதுதான். அதைப் போலவே ஒன்று ‘டிசைரபிள்’, அதாவது விரும்பத் தக்கது என்பதற்கும் ஜனங்கள் அதை விரும்புகிறார்கள் என்பதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இதுதான் மில்லின் வாதம். 1903-இல் ஜி. ஈ. மூர் தமது ‘பிரின்சிபியா எதிக்கா’ நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். காணக்கூடியது என்பதும் விரும்பத் தக்கது என்பதும் ஒரே ஜாதி அல்ல; ஜனங்கள் விரும்புகிறார்கள் என்பதனால் ஒன்று விரும்பத் தக்கதாகி விடாது என்று கண்டித்தார். மில் அவ்வளவு சுலபமாக ஏமாறக்கூடியவர் அல்ல, அவர் சொன்ன பொருளே வேறு என்று அவருக்காக வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது மூர் எடுத்துக்காட்டிய பேதந்தான். ‘விரும்புகிறார்கள்’ என்ற இடத்தில் ‘கவனிக்கிறார்கள்’ என்று போட்டுப் பாருங்கள். நாம் கவனிப்பது வேறு, கவனிக்கத் தக்கது வேறு. நாலு பேர் பேசுகிறார்கள் என்பது பேச்சுக்குச் சாட்சியே தவிர, தகுதிக்குச் சாட்சி அல்ல.

இந்தப் பேதத்தை நன்றாக அறிந்திருந்த ஓர் ஊர் பழைய காலத்தில் இருந்தது. இன்றைய துருக்கி நாட்டின் கரையோரத்தில் எபேசஸ் என்ற கிரேக்க நகரம். அங்கே ஆர்ட்டெமிஸ் தேவிக்கு ஒரு கோவில். உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக அதை எண்ணினார்கள். கி.மு. 356-இல் ஒருவன் அந்தக் கோவிலுக்குத் தீ வைத்தான். ஏன் என்று கேட்டபோது, தன் பெயர் உலகத்தில் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்றான். ஊரார் அவனுக்கு மரணதண்டனை விதித்ததோடு நிற்கவில்லை. இனி யாரும் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். கோவிலைக் கொளுத்தியவனைப் பற்றி ஊர் பேசாமல் இருக்குமா? பேசத்தான் செய்யும். அந்த விதத்தில் அவன் குறிப்பிடக்கூடியவன். ஆனால் குறிப்பிடத் தக்கவன் அல்லன் என்று அந்த ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள். சரித்திர ஆசிரியர் ஒருவர் அவன் பெயரை எழுதி வைத்துவிட்டபடியால் அந்த உத்தரவு பலிக்கவில்லை. ஆயினும் எபேசஸ்காரர்களின் எண்ணத்துக்கு மரியாதை செய்ய எனக்கு ஆசை. அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

தீ வைத்தவனைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. அந்தக் கோவிலில் தினந்தோறும் விளக்கேற்றியவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஓர் அகராதி. இங்கிலீஷ் மொழியில் உள்ள சொற்களையெல்லாம் திரட்டி, ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில் எப்படி வழங்கியது என்று காட்டும் பேரகராதி ஒன்று செய்ய வேண்டும் என்று லண்டனில் சில அறிஞர்கள் தீர்மானித்தார்கள். இன்று ஆக்ஸ்போர்டு அகராதி என்று நாம் சொல்வது அதைத்தான். 1879-இல் ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளிக்கூட ஆசிரியர் அந்தப் பொறுப்பை ஏற்றார். புத்தகம் படிக்கும் பொதுஜனங்கள் உதவ வேண்டும். படிக்கும்போது கண்ணில் படும் சொற்களை, அவை வரும் வாக்கியத்தோடு சிறு சீட்டுகளில் எழுதி அனுப்ப வேண்டும். இதுதான் ஏற்பாடு. மர்ரே தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டினால் ஒரு கொட்டகை போட்டு, அதில் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் சங்கடம் புரிந்தது. ‘அபியூஸ்’ என்ற சொல் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதே குடும்பத்தில் ‘அபியூஷன்’ என்று வழக்கொழிந்த பழைய சொல் ஒன்றும் உண்டு. அந்த வழக்கொழிந்த சொல்லுக்கு ஏறக்குறைய ஐம்பது சீட்டுகள் இருந்தன. வாழும் சொல்லுக்கு ஐந்து கூட இல்லை! சீட்டு எழுதியவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் நல்லவர்கள், கூலி வாங்காமல் உழைத்தவர்கள். வினோதமான சொல் வந்தால் பென்சிலை எடுத்தார்கள். சாதாரணச் சொல் வந்தால் அதன் மேலேயே நடந்து போய்விட்டார்கள். வாசற்படியை மிதித்துக்கொண்டு உள்ளே போகிறவன் வாசற்படியைப் பார்ப்பதில்லை அல்லவா? ஆனால் ஒரு மொழி எதனால் நடக்கிறது? வருதல், போதல், கொடுத்தல், வாங்குதல் போன்ற சொற்களால் நடக்கிறது. அந்தச் சொற்களுக்கு மேற்கோள் தேடி மர்ரேயும் அவருடைய உதவியாளர்களும் மணிக்கணக்காகப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று. அகராதியின் முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது. 1915-இல் மர்ரே காலமானார். 1928-இல்தான் வேலை முடிந்தது. தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. சாதாரணச் சொற்களை யாரும் குறித்து அனுப்பவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று.

நம் வீடுகளிலும் காரியாலயங்களிலும் இப்படிப்பட்ட சீட்டுகள் எத்தனையோ எழுதப்படுகின்றன. மூத்த மருமகள் மாமியாரோடு இருக்கிறாள். காலையில் வெந்நீர் வைத்துக் கொடுப்பது, வேளை தவறாமல் மருந்து கொடுப்பது, இரவில் கூப்பிட்டால் எழுந்து வருவது எல்லாம் அவள். இளைய மருமகள் வெளியூரில் இருக்கிறாள். தீபாவளிக்கு வரும்போது மாமியாருக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கி வருகிறாள். அந்தப் புடவை தெரு முழுவதும் வலம் வருகிறது. “அடேயப்பா, எவ்வளவு பிரியம் பாருங்கள்!” என்கிறார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். இளையவளின் பிரியம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதுவும் உண்மையான பிரியமாகவே இருக்கலாம். ஆனால் ஒரு புடவைக்கு ஐம்பது சீட்டு, வருஷம் முழுவதும் வைத்த வெந்நீருக்கு ஐந்து கூட இல்லை என்றால் அந்தக் கணக்கில் ஏதோ கோளாறு இருக்கத்தான் செய்கிறது.

ஒரு பிரிவு உபசார விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். 32 வருஷம் கணக்குப் புத்தகம் எழுதிய குமாஸ்தா ஓய்வு பெறுகிறார். மாலை போட்டாகிவிட்டது, காராபூந்தியும் காப்பியும் வந்தாகிவிட்டது. பேச எழுந்த மேலதிகாரிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் நல்ல மனிதர், நேரத்துக்கு வருவார், அதிகம் பேசமாட்டார் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொண்டு உட்காருகிறார். அந்த 32 வருஷத்தில் ஒரு தடவையாவது பணம் கையாடப்பட்டிருந்தால் அவரைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்திருக்கும்! தவறு நடக்காததைப் பற்றி எப்படிப் பேசுவது? சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால் யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

இங்கிலீஷ் பேசும் டாக்டர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நோயாளியின் இருதயத்தையும் சுவாசப்பையையும் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்துக் கோளாறு ஒன்றும் இல்லையானால், அறிக்கையில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று எழுதுகிறார்கள். குறித்துச் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஒரு பெண்ணைப் பற்றியோ ஒரு நாவலைப் பற்றியோ இப்படிச் சொன்னால் மனம் சுருங்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கோ அதைவிட இனிய சொல் உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு நிமிஷமும் எழுபது தடவைக்கு மேல் அடித்துக்கொண்டு, தன் பக்கம் திரும்பிப் பார்க்கும்படி செய்யாத இருதயம் எவ்வளவு பெரிய உபகாரம் செய்கிறது என்பது அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு நாளானால் மறந்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாரையும் குறிப்பிடத் தக்கவர் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே போய்விடாதா? வகுப்பில் எல்லாருக்கும் முதல் பரிசு கொடுத்தால் பரிசுக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்விதான். 1840-இல் தாமஸ் கார்லைல் லண்டனில் மகாபுருஷர்களைப் பற்றி நிகழ்த்திய பிரசங்கங்களில், உலக சரித்திரத்தை அத்தகையவர்களின் சரித்திரமாகவே கண்டார். முப்பது வருஷங்களுக்குப் பிறகு ஜார்ஜ் எலியட் ‘மிடில்மார்ச்’ நாவலை எழுதினார். அதன் கதாநாயகி பெரிய காரியங்களுக்கென்றே பிறந்தவள் போலத் தோன்றுகிறவள். கடைசியில் உலகம் அறியாத ஒரு குடும்ப வாழ்க்கையில் அவள் கரைந்து போகிறாள். அதை ஆசிரியை தோல்வியாகக் காட்டவில்லை. உலகத்தில் நன்மை வளர்வதற்கு அப்படிப்பட்ட வாழ்க்கைகளும் காரணம் என்று சொல்லி நாவலை முடிக்கிறார். கதை எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. சம்பவம் இல்லாமல் கதை இல்லை. ஒழுங்காக நடந்துகொள்கிறவர்கள் சம்பவங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட வாழ்க்கையை வைத்துப் பெரிய நாவல் எழுதலாம் என்று எலியட் காட்டியதால்தான் அந்த நூலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

ஆனால் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சாதாரணம் எல்லாவற்றையும் அதிசயம் என்று கூவ வேண்டும் என்பது என் கட்சி அல்ல. அதிசயம் உண்மையிலேயே உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்கும் சாதாரணத்தை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. இதற்கு விஞ்ஞானத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு.

1967-இல் கேம்பிரிட்ஜில் ஜாஸ்லின் பெல் என்ற இளம் பெண் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பதற்காக நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பங்கள் நட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். அந்த வேலையில் அவரும் சம்மட்டி பிடித்தார். கருவி வேலை செய்யத் தொடங்கியதும், நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு அடி நீளமுள்ள காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். அவ்வளவையும் கண்ணால் பார்த்துப் படிப்பது அந்தப் பெண்ணின் வேலை. ஒரு நாள் கால் அங்குல அகலத்தில் ஒரு சிறு கிறுக்கல் தெரிந்தது. நட்சத்திரத்தின் கோடு போலவும் இல்லை. பக்கத்துச் சாலையில் போகும் வண்டியினால் வரும் இடைஞ்சல் போலவும் இல்லை. வேறொருவர் பார்த்திருந்தால் தள்ளிவிட்டிருக்கலாம். நூற்றுக்கணக்கான அடி சாதாரணக் கோடுகளைப் பொறுமையாகப் பார்த்துப் பழகியிருந்ததனால்தான், இது சாதாரணம் அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. மறுபடி மறுபடி தேடி, அது ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் தவறாமல் துடிக்கிறது என்று கண்டார்கள். பல்ஸார் என்று சொல்லப்படும் நட்சத்திர வகை உலகத்துக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

அந்தக் கால் அங்குலத்தைக் கவனித்தவரை உலகம் கவனித்ததா? 1974-இல் அந்த ஆராய்ச்சிக்காக அவருடைய ஆசிரியர் ஆன்டனி ஹியூவிஷுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மாணவியின் பெயர் அதில் இல்லை. பலர் ஆத்திரப்பட்டார்கள், அவர் ஆத்திரப்படவில்லை. 2018-இல் முப்பது லட்சம் டாலர் கொண்ட வேறொரு பெரிய பரிசு அவரைத் தேடி வந்தது. அந்தத் தொகை முழுவதையும், பௌதிகம் படிக்க வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்குவதற்காகக் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்டவர்களைச் சொல்லும்போது ‘ரிமார்க்கபிள்’ என்ற சொல்லுக்குப் பழைய மதிப்பு கொஞ்சம் திரும்பி வருகிறது.

‘குறிப்பிடத்தக்க’ என்று ஒருவரைச் சொல்லும்போது அவருக்கு ஏதோ பட்டம் கொடுத்துவிட்டதாக நினைக்கிறோம். ‘தக்க’ என்ற சொல் உண்மையில் நம்மைப் பற்றியது. இதைக் கவனிக்க வேண்டும், கவனிக்காதது பாக்கி என்று அது நம் கணக்கில் எழுதுகிறது. அந்தப் பாக்கியைப் பெரும்பாலும் இரங்கல் கூட்டத்தில்தான் தீர்க்கப் பார்க்கிறோம். ‘இருந்தபோது தெரியவில்லை’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். கடன் கொடுத்தவர் போன பிறகு அவருடைய வாசலில் கொண்டுபோய்ப் பணத்தை வைப்பதைப் போன்றது இது.

எல்லாவற்றையும் எல்லாரும் கவனித்துக்கொண்டே இருக்க முடியாது. அப்படிச் செய்தால் பிழைப்பு நடக்காது. ஆனால் நம் கண்ணில் படவில்லை என்பதை ஒருவருடைய தகுதிக் குறைவாக எழுதாமல் இருக்கலாம். அதற்கு மேலும் கொஞ்சம் செய்ய மனம் இருந்தால், தினமும் பார்க்கும் நாலு பேரை ஒரு தடவை நிதானமாகப் பார்க்கலாம். அடுத்த பிரிவு உபசார விழாவில் பேச வேண்டிய மேலதிகாரி, முந்தின நாளே போய் அந்தப் பழைய கணக்குப் புத்தகங்களில் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். அடித்தல் திருத்தல் இல்லாத அந்தப் பக்கங்களைப் பற்றிச் சொல்ல அவருக்கு நிச்சயமாக ஏதாவது அகப்படும்.